கலெக்டர் பங்களா சாப்பாட்டு அறைச் சாமான்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைப் பக்கம் பழைய மேஜை நாற்காலி வைத்திருக்கும் வீடுகளில் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "இது கலெக்டர் பங்களாவில் இருந்தது." பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். கலெக்டர், ஜட்ஜ், போலீஸ் சூப்பிரண்டு, மராமத்து இலாகா எஞ்சினியர் என வெள்ளைக்கார அதிகாரிகள் குடியிருந்த அரசு வீடுகளின் சாப்பாட்டு அறைச் சாமான்கள் இன்று திண்டுக்கல், பெரியகுளம், காரைக்குடி, கோடைக்கானல் வரை சிதறிக் கிடக்கின்றன. பழைய மரச் சாமான்களைச் சீர்செய்யும் எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

அதிகாரி வீட்டுச் சாப்பாட்டு அறையில் அப்படி என்னதான் இருந்தது?

நடுவில் நீள மேஜை. சுற்றிலும் பிரம்பு நாற்காலிகள். சுவரோரம் இடுப்பு உயரத்தில் சைடுபோர்டு. பரிமாறும் பாத்திரமும் பாட்டில்களும் அதன் மேல், கத்தி கரண்டி வகையறா அதன் இழுப்பறைகளில். சைடுபோர்டின் முதுகில் அல்லது எதிர்ச் சுவரில் பெரிய கண்ணாடி. உத்தரத்திலிருந்து தொங்கும் பங்கா, அதாவது கயிற்றால் இழுக்கும் துணி விசிறி. அப்புறம் விளக்குகள், ஒரு கடிகாரம், சுவரில் ஒன்றிரண்டு மான் கொம்பு.

இதில் பலதும் அலங்காரத்துக்கு வந்தவை அல்ல, தேவைக்கு வந்தவை. சமையல் கட்டு வீட்டோடு சேர்ந்து இருக்காது. தீ, புகை, வாடை மூன்றுக்கும் பயந்து கொல்லைப் பக்கம் தனியாகக் கட்டியிருப்பார்கள். அங்கிருந்து தாழ்வாரம் தாண்டி வருவதற்குள் பதார்த்தம் ஆறிவிடும். அதற்காக அடியில் வெந்நீர் ஊற்றி வைக்கும் இரட்டை அடித் தட்டுகள் வைத்திருந்தார்கள். உங்கள் பரணில் வழக்கத்தை விடக் கனமாக, ஓரத்தில் சின்னத் துவாரமும் அதற்கு ஒரு மூடியுமாக ஒரு தட்டு கிடந்தால் அது இதுதான். பலர் அதைப் பிள்ளைக்கு மருந்து கொடுக்கும் சாமான் என்று நினைத்து வைத்திருக்கிறார்கள்.

எறும்புக்கும் ஏற்பாடு உண்டு. சாப்பாட்டுப் பொருள் வைக்கும் கம்பிவலை அலமாரியின் நாலு காலும் தண்ணீர் ஊற்றிய கல் கிண்ணங்களில் நிற்கும். அலமாரி போய்விட்டது, கிண்ணம் மட்டும் தோட்டத்தில் குருவிக்குத் தண்ணீர் வைக்கும் பாத்திரமாகப் பல வீடுகளில் பிழைத்திருக்கிறது.

இதெல்லாம் லண்டனிலிருந்து கப்பலில் வந்த சாமான்தானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான சங்கதியே இதுதான். சாப்பிடும் முறை சீமையிலிருந்து வந்தது. மேஜையின் உருவமும் சீமைப் புத்தகத்தைப் பார்த்து வரைந்ததுதான். ஆனால் மரம் இந்தப் பக்கத்து மரம், அறுத்ததும் இழைத்ததும் இந்தப் பக்கத்து ஆசாரி.

காரணம் எளிது. மதுரைக்கு ரயில் வந்தது 1875இல். அதுவரை மெட்ராஸில் இறங்கும் பன்னிரண்டு பேர் மேஜை மாட்டு வண்டியில்தான் வர வேண்டும். அப்படியே வந்து சேர்ந்தாலும் சீமைச் சாமானில் ஒரு பலவீனம் உண்டு. அங்கே மேலே தெரியும் பாகத்துக்கு மட்டும் மகோகனி என்ற சிவந்த மரத்தை மெல்லிய தகடாகப் பசை போட்டு ஒட்டி, உள்ளே மலிவான பைன் மரத்தை வைப்பது வழக்கம். நம் ஊர் மழைக்காலத்தில் அந்தப் பசை விட்டுப்போகும். பைன் மரமோ கரையானுக்குத் தீபாவளி. அதனால் இங்கே முழு மரத்திலேயே செய்யச் சொன்னார்கள்: தேக்கு, ஈட்டி (ரோஸ்வுட்), பலா, வேங்கை.

சீமையிலிருந்து வந்தவை சின்னச் சாமான்கள்: பூட்டு, கீல், திருகாணி, மேஜைக் காலின் அடியில் மாட்டும் பித்தளை உருளை, கண்ணாடி, பீங்கான், விளக்கு. எனவே மேஜைக் கால் உருளையில் ஆங்கிலேயக் கம்பெனிப் பெயர் பொறித்திருப்பதைக் காட்டி "இங்கிலாந்து மேஜை" என்று யாராவது சொன்னால், அந்த எழுத்து உருளைக்கு மட்டும்தான் சாட்சி. 'கோப் அண்ட் காலின்சன்' என்று பொறித்த உருளை மாட்டிய பலா மர மேஜைகள் நிறைய உண்டு.

எங்கள் தாத்தா அரசாங்க உத்தியோகத்தில் இல்லை. அப்படியிருக்க பங்களாச் சாமான் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்திருக்கும்?

ஏலத்தில். அதிகாரிகளுக்கு மாற்றல் அடிக்கடி வரும். புது ஊருக்கு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போவதைவிட, புறப்படும் முன் மேஜையிலிருந்து மிளகுப் பொட்டி வரை ஏலம் விட்டுவிட்டுப் போவது அந்தக் காலத்து நடைமுறை. அடுத்து வரும் அதிகாரி கொஞ்சம் எடுப்பார். மீதியை ஜமீன்தார், வக்கீல், மிராசுதார், வியாபாரி, பாதிரியார் என்று யார் விலை கேட்டார்களோ அவர்கள் எடுப்பார்கள். செட்டிநாட்டு வீடுகளுக்கு நேரடியாகவே வெளிநாட்டுச் சாமான் வந்தது வேறு கதை. அவர்கள் ரங்கூனிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்தவர்கள்.

மதுரையில் அப்படிப்பட்ட அரசு வீட்டை உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?

காந்தி அருங்காட்சியகத்துக்குப் போயிருப்பீர்கள். அதுதான். ராணி மங்கம்மாளின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் தமுக்கம் அரண்மனை பிற்பாடு ஆங்கிலேயர் கைக்கு வந்து கலெக்டரின் குடியிருப்பாக இருந்தது. 1959இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அந்தக் காலச் சாப்பாட்டு மேஜையை அங்கே தேடாதீர்கள், அங்கே பார்க்க வேண்டியவை வேறு. ஆனால் கூரை எவ்வளவு உயரம், சுவர் எவ்வளவு கனம், வெளித் தாழ்வாரம் எப்படி அறையைச் சுற்றி வருகிறது என்று கவனித்துவிட்டு வாருங்கள். இந்தச் சாமான்கள் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கின்றன என்பது விளங்கிவிடும். இன்றைய பத்துக்குப் பத்து ஹாலில் சைடுபோர்டு முட்டிக்கொண்டு நிற்பது அதன் குற்றம் இல்லை.

சாமானைப் பார்க்க வேண்டுமென்றால் கோடைக்கானல். 1985 வரை அது மதுரை மாவட்டம்தான். கோடை ஏரியை 1863இல் உருவாக்கியவரே மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச். வெயில் தொடங்கியதும் அதிகாரிகள் மலையேறிவிடுவார்கள், மேஜை விருந்தும் கூடவே ஏறும். பழைய கிளப்புகளிலும் தங்கும் விடுதிகளிலும் அந்தக் காலத்து மேஜைகள் இன்னும் உபயோகத்தில் இருக்கின்றன.

மேஜை நிஜமாகவே பழசுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மேலே பார்க்காதீர்கள். கையில் டார்ச்சை எடுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் மல்லாந்து படுங்கள். மேல்பரப்பு பலமுறை பாலிஷ் ஏறி இறங்கியது, அது என்ன வேண்டுமானாலும் சொல்லும். அடிப்பரப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது.

முதலில் ரம்பத் தடம். கை ரம்பத்தால் அறுத்த பலகையில் கோடுகள் நேராக, கொஞ்சம் ஏறுமாறாக இருக்கும். வட்ட ரம்பம் என்றால் வளைந்த கோடுகள் வரும். நன்றாக இழைத்த பலகையிலும் அடிப்பக்கத்தை ஆசாரி அவ்வளவு மெனக்கெட்டு இழைத்திருக்க மாட்டார், அதனால் தடம் மிச்சமிருக்கும். விரலை வைத்து ஓட்டினால் இழைப்புளி போன பள்ளங்கள் தட்டுப்படும். மெஷினில் இழைத்த பலகை ஒரே சமம்.

அடுத்து திருகாணி. ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். 1840களின் நடுப்பகுதி வரை திருகாணிக்குக் கூர்முனை கிடையாது, மொட்டையாக முடியும். தலையில் உள்ள வெட்டும் நட்டநடுவில் இருக்காது. கூர்முனை இருந்தால் அதற்குப் பிற்பட்டது. பிளஸ் வடிவத் தலை 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஒரே ஒரு பிளஸ் திருகாணி இருந்தால் பயப்பட வேண்டாம், பின்னால் யாரோ பழுது பார்த்திருக்கலாம். எல்லாமே பிளஸ் என்றால் பேரத்தை நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது மூட்டு. ஒரு மரத்தின் கழுந்து முனை இன்னொன்றின் துளையில் சேர்ந்த இடத்தில் மர ஆணியோ மூங்கில் ஆணியோ அடித்திருக்கும். வட்டமான ஆணித் தலை காலப்போக்கில் சற்றே முட்டை வடிவமாகி, சுற்றியுள்ள பரப்பிலிருந்து மயிரிழை மேலே எழும்பி நிற்கும். மரம் குறுக்கில் சுருங்கும், நெடுக்கில் சுருங்காது. இதனால் வரும் மாற்றத்தை உளியால் உண்டாக்கிக் காட்ட முடியாது.

இதை ஒருமுறை பழகிக்கொண்டால் சில சுவாரசியங்களும் கிடைக்கும். பெரியகுளம் பக்கத்திலிருந்து பட்டறைக்கு வந்த ஒரு நீள மேஜையைத் திருப்பிப் போட்டபோது, ஒவ்வொரு பலகையின் அடியிலும் பென்சிலால் தமிழ் எண்கள், ௧ முதல் ௭ வரை. எந்தப் பலகை எதற்கு அடுத்து என்று ஆசாரி தனக்காகப் போட்டுக்கொண்ட குறி. மேலே விக்டோரியா காலத்து உருட்டுக் கால், பீங்கான் சக்கரம், எல்லாம் சீமை மாதிரி.

காரைக்குடிக் கடையில் "நூறு வருஷத்துச் சாப்பாட்டு மேஜை" என்று ஒன்று காட்டினார்கள். நம்பலாமா?

முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நல்ல சாமான் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அங்கே மட்டுமல்ல, எங்குமே இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. இடித்த வீடுகளின் கதவு, நிலை, உத்தரத்தை வாங்கி, அதிலிருந்து மேஜை செய்கிறார்கள். மரம் நிஜமாகவே நூறு வருஷம் கண்டது. மேஜைக்கு வயது ஆறு மாதம்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மேஜைக்குத் தேவையே இல்லாத இடத்தில் கீல் பதித்த பள்ளம் இருக்கும். தாழ்ப்பாள் துளையில் மரத்தூளும் பசையும் கலந்து அடைத்திருப்பார்கள். கம்பி பாய்ச்சிய துளைகள் வரிசையாக வரும். "கதவு மரத்தில் செய்த மேஜை" என்று சொல்லி விற்றால் நல்ல சாமான்தான், தாராளமாக வாங்குங்கள். பர்மா தேக்கு வேறெங்கே கிடைக்கும்? பழைய மேஜை விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

மரம் ஈட்டியா, தேக்கா, மகோகனியா?

மகோகனி என்று உங்களிடம் சொன்னது அநேகமாகப் பலா. புதிதாக அறுத்த பலா மஞ்சளாக இருக்கும். வருஷம் ஆக ஆகச் சிவந்து பழுப்பேறி, பாலிஷும் சேர்ந்தால் மகோகனி போலவே தோன்றும். இழுப்பறையை முழுசாக வெளியே எடுத்து, பாலிஷ் படாத பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே மஞ்சளின் மிச்சம் தெரியும்.

ஈட்டி கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம், நடுவே கருப்பு வரிகள், தூக்கினால் கை இறங்கும். தேக்கு தொட்டாலே லேசான எண்ணெய்ப் பிசுக்கு. கொஞ்சம் சுரண்டினால் தோல் வாசனை போல ஒரு வாசனை வரும். பர்மா தேக்கா, நாட்டுத் தேக்கா என்று வெறும் கண்ணால் அடித்துச் சொல்பவர்களை நான் முழுசாக நம்புவதில்லை.

மேஜை நடுவில் பிளவு மாதிரி ஒரு கோடு இருக்கிறது. இழுத்தால் வரவில்லை. உடைந்திருக்கிறதா?

உடையவில்லை. அது நீளும் மேஜை. ஆள் அதிகமானால் நடுவில் கூடுதல் பலகை போட்டு நீட்டிக்கொள்வார்கள். இழுத்துத் திறக்கிற வகையும் உண்டு. இழுத்து வரவில்லை என்றால் உங்களுடையது திருகு வகையாக இருக்கும். அடியில் நீளவாக்கில் ஓர் இரும்புக் குழாய் ஓடும். அதற்குள் நீளத் திருகு. மேஜையின் ஒரு தலைமாட்டில், விளிம்புக்குக் கீழே சின்னத் துவாரம் தெரியும். அதில் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால், இரண்டு பாதியும் மெதுவாக விலகும். இந்தத் திருகு செய்வதில் பேர் போனவர் பர்மிங்காமின் ஜோசப் ஃபிட்டர். அவர் பெயர் இரும்பில் வார்த்திருக்கிறதா என்று பாருங்கள்.

கைப்பிடி மட்டும் எப்போதும் காணாமல் போயிருக்கும். ஏலத்தில் மேஜை ஒரு வீட்டுக்கும் கைப்பிடி இன்னொரு வீட்டுக்கும் போனது என்றே நினைக்கத் தோன்றும். சுத்தியலால் தட்டித் திறக்க முயலாதீர்கள், வார்ப்பிரும்பு விரிந்துவிடும். திருகின் முனை சதுரமா, எத்தனை அகலம் என்று அளந்துகொண்டு போனால் லேத் பட்டறையில் கைப்பிடி செய்து தருவார்கள். சுற்றும் முன் பழைய கெட்டி மசகைத் துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள்.

ஆறு நாற்காலியில் இரண்டு வேறு மாதிரி, முதுகு வளைந்த ஒரே மரமாக இருக்கிறது. ஜோடி மாறிவிட்டதா?

மாறியிருக்கிறது, ஆனால் மாறி வந்ததுதான் உலகத்திலேயே அதிகம் விற்ற நாற்காலி வகைகளில் ஒன்று. பீச் மரக் கம்பை ஆவியில் வேகவைத்து இரும்பு அச்சில் வளைத்துச் செய்தது. வியன்னாவில் தோனெட் கம்பெனி 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலி இதற்கு மூலம். ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு, அவ்வளவுதான். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள். கப்பல் கூலி குறைவாக இருந்ததால் உலகம் முழுக்கப் பரவியது. 1869இல் காப்புரிமை முடிந்ததும் மற்றக் கம்பெனிகளும் செய்யத் தொடங்கின. ஆகவே இருக்கை வளையத்தின் உள்பக்கத்தில் ஒட்டிய காகிதமோ சூட்டுக்கோல் முத்திரையோ என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் காகிதத்தை ஈரத் துணியால் துடைத்துவிடாதீர்கள்.

பிரம்பு பிய்ந்துவிட்டது. பிளாஸ்டிக் பின்னல் போடலாமா?

வேண்டாம். இருக்கையைச் சுற்றி வரிசையாகத் துளை இருந்தால் அது கையால் பின்ன வேண்டியது. துளைக்கும் துளைக்கும் இடையே உள்ள தூரத்தைப் பொறுத்துப் பிரம்பின் அகலம் மாறும். அரசு அலுவலக நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னுவது நம் நாட்டில் பார்வையற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்த தொழில்களில் ஒன்று. இன்னும் அந்தக் கை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கிடைத்தால் அவர்களிடமே கொடுங்கள், விரல் கணக்கு அவ்வளவு சுத்தம். பின்னிய பிறகு மாதம் ஒருமுறை அடிப்பக்கத்திலிருந்து ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். மதுரைச் சித்திரை வெயிலில் காய்ந்த பிரம்புதான் படாரென்று விடும்.

பெரிய நிலைக்கண்ணாடியில் கரும்புள்ளி. பெல்ஜியம் கண்ணாடி என்றார்கள். புதுசாக ரசம் பூசலாமா?

பெல்ஜியம் 19ஆம் நூற்றாண்டில் கண்ணாடி ஏற்றுமதியில் பெரிய நாடு என்பது உண்மைதான். அதற்காகப் பழசெல்லாம் பெல்ஜியம் ஆகாது. பழைய முறையில் வெள்ளீயத் தகட்டோடு பாதரசம் சேர்த்து ஒட்டினார்கள். வெள்ளி பூசும் ரசாயன முறையை ஜெர்மானியர் லீபிக் 1835இல் கண்டுபிடித்த பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது. பாதரச வகை சற்றே நீலச் சாம்பல் சாயலில், மங்கலாக, ஓரங்களில் மினுமினுக்கும் புள்ளிகளோடு இருக்கும். முதுகுப் பலகையைக் கழற்றும்போது அடியில் பாதரசத் துளி சேர்ந்திருக்கலாம், கையால் தொட வேண்டாம், குழந்தைகளைப் பக்கத்தில் விட வேண்டாம்.

ரசம் புதுப்பித்தால் கண்ணாடி பளிச்சென்று ஆகும், பழமை போய்விடும். என் அபிப்பிராயம்: முகம் பார்க்க வேறு கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள்.

கரண்டி, டீக் கெட்டில் எல்லாம் வெள்ளியா?

பின்பக்கத்தில் நாலு சின்னக் கட்டங்களில் ஈ, பி, என், எஸ் என்று ஆங்கில எழுத்து இருந்தால் வெள்ளி இல்லை. நிக்கல் கலந்த உலோகத்துக்கு மின்சார முறையில் வெள்ளி முலாம் பூசியது. இதற்கான உரிமையை பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பம் 1840இல் வாங்கியது. அந்தக் கட்டங்களை ஹால்மார்க் என்று நினைத்து மதுரையின் நகைக்கடைத் தெருவான தெற்கு ஆவணி மூல வீதிக்கு எடுத்துப்போய் ஏமாந்து திரும்பியவர்கள் ஏராளம். இங்கிலாந்தின் அசல் வெள்ளியில் நடக்கும் சிங்கம் ஒன்று இருக்கும்.

இன்னொரு வகை உண்டு. உடம்பு முழுக்கச் சாமி உருவங்கள் புடைத்து நிற்கும் டீக் கெட்டில், சர்க்கரைக் கிண்ணம். மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் இருந்த பி. ஓர் அண்ட் சன்ஸ் இந்தச் 'சுவாமி' வேலைப்பாட்டில் பேர் வாங்கிய கடை. உருவம் சிவனும் விஷ்ணுவும், ஊற்றுவது டீ. தட்டியவர் நம் ஊர்த் தட்டார். இப்படிப்பட்டது கையில் இருந்தால் எடைக்குப் போடுவது மகா பாவம்.

பீங்கான் தட்டின் வயதை எப்படிப் பார்ப்பது?

திருப்புங்கள். சாய்சதுரக் கட்டம் ஒன்றும் அதன் மூலைகளில் எழுத்து, எண்களும் இருந்தால் அந்த வடிவம் 1842க்கும் 1883க்கும் இடையில் இங்கிலாந்தில் பதிவானது. 'இங்கிலாந்து' என்ற நாட்டுப் பெயர் மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிறகு. அந்த வருஷம் முதல் அமெரிக்கா இறக்குமதிப் பொருளில் நாட்டுப் பெயரைக் கேட்டது. 'மேட் இன்' சேர்ந்திருந்தால் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு.

கூரையில் பெரிய இரும்புக் கொக்கிகள் வரிசையாக இருக்கின்றன. ஊஞ்சலுக்கா?

சாப்பாட்டு அறையில் என்றால் பங்காவுக்கு. நீள மரச் சட்டத்தில் துணி கட்டி, மேஜைக்கு நேர் மேலே தொங்கவிட்டு, கயிற்றைச் சுவர்த் துளை வழியே வெளியே எடுத்திருப்பார்கள். தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஒருவர் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே விருந்து முடியும் வரை வெளியே அவருக்கு வேலை. சுவரில் முழங்கை உயரத்துக்கு மேல் பித்தளைக் கப்பி பதித்த துளை இருந்தால் அதைச் சிமெண்ட் போட்டு அடைக்காதீர்கள்.

மெழுகுவத்தித் தண்டுகளுக்கு மேலே உயரமான கண்ணாடிக் கூடு ஏன் என்ற கேள்விக்கும் இதுதான் பதில். பங்காக் காற்றில் சுடர் நிற்காது. மண்ணெண்ணெய் வந்த பிறகு இரட்டைத் திரி விளக்குகள் மேஜைக்கு வந்தன. திரி ஏற்றும் குமிழில் 'ஹிங்க்ஸ்' என்று இருந்தால் அதுவும் பர்மிங்காம். விளக்கென்றதும் ஒன்று: மதுரை விளக்குத்தூண் கூட ஒரு கலெக்டர் சம்பந்தப்பட்ட சாமான்தான். கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரிவாக்கிய பிளாக்பர்ன் நினைவாக வைத்தது.

கத்திகளுக்குத் தந்தப் பிடி. சுவரில் காட்டெருமைத் தலை. விற்கலாமா?

விற்கக் கூடாது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. இந்திய யானைத் தந்த வியாபாரம் 1986லும், ஆப்பிரிக்கத் தந்தம் 1991லும் தடையாயின. "இது சட்டத்துக்கு முன்னால் வந்தது" என்ற வாதம் விற்பனைக்கு உதவாது. காட்டெருமைத் தலை, புலித்தோல், மான் கொம்பு எல்லாவற்றுக்கும் உடைமைச் சான்று வேண்டும். 2003இல் கணக்குக் காட்ட ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். அப்போது எடுத்த காகிதம் வீட்டில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் வக்கீலைக் கலந்துகொண்டு வனத்துறையிடம் நீங்களே போவதுதான் நல்லது. வாட்ஸாப்பில் படம் போட்டு விலை கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

தந்தமா எலும்பா என்ற சந்தேகம் இருந்தால் பிடியின் முனையை உருப்பெருக்கியில் பாருங்கள். தந்தத்தில் குறுக்கும் நெடுக்குமாக வளைந்த கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். எலும்பில் கருப்பாகப் பொட்டுப் பொட்டாகச் சின்னக் குழிகள். ரொம்ப ஒழுங்காக இணைகோடு ஓடினால் செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்.

சூடான பாத்திரம் வைத்து வெள்ளை வளையம் விழுந்துவிட்டது.

பழைய பாலிஷ் என்பது ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கு. சூடும் ஈரமும் சேர்ந்தால் அதற்குள் ஈரம் மாட்டிக்கொண்டு வெள்ளையாகத் தெரியும். சில நாள் காற்றாட விட்டாலே பாதி வளையங்கள் மங்கிவிடும். போகாவிட்டால் தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவி ஓர் இரவு விட்டுத் துடைத்துப் பாருங்கள். அதற்கு மேல் ஆசாரி வேலை.

கடைக்காரர் "எல்லாம் சுரண்டிட்டு மெலமைன் அடிச்சிரலாம் சார்" என்பார். அது இந்தக் காலத்து ரசாயனப் பூச்சு, வேண்டாம் என்று சொல்லுங்கள். அரக்கு பாலிஷை அந்த இடத்தில் மட்டும் சரிசெய்யலாம், மெலமைனில் அது நடக்காது. உங்கள் மேஜையில் என்ன இருக்கிறது என்று தெரிய, மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. பராமரிப்புக்கு வருஷத்தில் ஒன்றிரண்டு முறை தேன்மெழுகும் டர்பன்டைனும் கலந்த பூச்சு போதும்.

மேஜைக்கு அடியில் தினமும் மாவு மாதிரி கொட்டுகிறது.

உளுப்பூச்சி. கரையான் மண் கட்டும், இது மாவு தள்ளும். வைரம் பாய்ந்த பாகத்தை அநேகமாகத் தொடாது. ஓரத்தில் இருக்கும் வெளிர் மரத்தைத்தான் தின்னும். அடியில் கறுப்புக் காகிதம் விரித்து வையுங்கள். மாவு புதிதாக விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. பழைய துளை மட்டும் இருந்து மாவு விழாவிட்டால் கதை முடிந்த கதை. உயிரோடு இருந்தால் துளை ஒவ்வொன்றிலும் ஊசியால் மரப்பூச்சி மருந்து செலுத்தி, பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றிச் சில வாரம் வைக்க வேண்டும். மொட்டை மாடி வெயிலில் போட்டால் பூச்சி சாகும் என்பார்கள். பூச்சிக்கு முன்னால் மேஜை விரிந்துவிடும். ஏசிக் காற்று நேராகப் படும்படி வைப்பதும் அதே பலனைத்தான் தரும்.

மகன் அமெரிக்காவில் இருக்கிறான். மேஜையை அனுப்பலாமா?

நூறு வருஷத்துக்குக் குறைந்தது என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் 'பழம்பொருள் அல்ல' என்ற சான்று வாங்கி அனுப்பலாம். நூறு தாண்டிய கைவேலைப்பாட்டுப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டம் தடை செய்கிறது. ஈட்டி மரம் என்றால் உலக அளவிலான மர வணிகக் கட்டுப்பாடும் சேரும், அதற்குத் தனிக் காகிதம். மகனுக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். லீவுக்கு வரும்போது அதில் உட்கார்ந்து சாப்பிடட்டும்.

மேஜையின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் எண்ணும் எழுத்தும் அசிங்கமாக இருக்கிறது. அழித்துவிடலாமா?

அழிக்கவே கூடாது. அரசு வீட்டு, அலுவலகச் சாமான்களுக்கு இருப்புப் பதிவேட்டு எண் எழுதுவது வழக்கம். மேலே இலாகாவின் சுருக்கெழுத்து, கீழே எண், சிலவற்றில் வருஷமும் இருக்கும். "கலெக்டர் பங்களாவில் இருந்தது" என்று உங்கள் வீட்டில் சொல்லிவரும் பேச்சுக்குக் கையில் இருக்கும் ஆதாரம் அது ஒன்றுதான். அதோடு ஏல ரசீதும் இருந்தால் இரண்டையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரசுச் சாமான் உங்களிடம் எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் காட்ட வேண்டியிருக்கும். பாலிஷ் போட ஆள் வரும் அன்று அந்த இடத்தில் டேப் ஒட்டி, நீங்களும் பக்கத்திலேயே நில்லுங்கள்.